மெட்ரிக் வரலாறு: வருஷத்தை விடுங்கள், ‘ஏன் அப்போது?’ என்று கேளுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் வரலாறு எடுத்திருக்கிறேன் என்று சொன்னாலே, “அத்தனை வருஷத்தையும் எப்படி மனப்பாடம் பண்ணப் போறே?” என்றுதான் வீட்டில் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் அத்தைமார் எல்லோரும் என்னிடம் இதையே கேட்டார்கள். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கு நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இந்தத் தேர்வுக்கு மனப்பாடம் கொஞ்சம் போதும் என்று அடித்துச் சொல்வேன். ஒரு திருப்புமுனையைப் படிக்கும்போது ‘என்ன நடந்தது?’ என்பதோடு நிறுத்தாமல், ‘ஏன் அப்போது? பத்து வருஷம் முன்னால் ஏன் நடக்கவில்லை?’ என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிப் பாடம் தானாக மனதில் நிற்கும்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேப்பர்; ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், 3 மணி நேரம். ஒவ்வொரு பேப்பரிலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அதில் ஒன்றாவது ஆவணக் கேள்வியாகவும் (கொடுத்திருக்கும் ஆவணங்களைப் படித்துப் பதில் எழுதுவது), ஒன்றாவது கட்டுரையாகவும் இருக்க வேண்டும். முதல் பேப்பரில் பனிப்போர், விடுதலை பெற்ற ஆப்பிரிக்கா, 1950 முதல் 70 வரையிலான மக்கள் போராட்டங்கள். இரண்டாவதில் நம் நாட்டின் எதிர்ப்பு இயக்கங்கள், ஜனநாயகம் வந்த கதை, பனிப்போரின் முடிவு.

இந்த இரண்டாவது பேப்பரில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். சோவியத் யூனியன் சரிந்ததற்கும் இங்கே நிறவெறி ஆட்சி இறங்கி வந்ததற்கும் என்ன தொடர்பு, எந்த அளவுக்குத் தொடர்பு என்ற கேள்வி வெவ்வேறு உருவத்தில் வரும். பலர் சோவியத் தலைவர் கோர்பசேவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் “இதனால் மண்டேலா விடுதலையானார்” என்று முடித்துவிடுவார்கள். மதிப்பெண் போவது அந்த ‘இதனால்’ என்ற இடத்தில்தான்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. ஒரு பெரிய தாளில் நடுவில் கோடு போடுங்கள். மேலே உலகம், கீழே நம் நாடு. மேலே 1985: கோர்பசேவ் பதவிக்கு வருகிறார். கீழே அதே 1985: அவசரநிலை, வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுக்கின்றன. மேலே 1986: அமெரிக்கக் காங்கிரஸ் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடைச் சட்டம் கொண்டுவருகிறது; அதிபர் ரீகன் அதைத் தடுக்கப் பார்த்தும் முடியவில்லை. 1987–88இல் அங்கோலாவில் நம் நாட்டுப் படையும், கியூபாவின் துணையோடு அங்கோலாப் படையும் மோதிய குய்ட்டோ குவானவாலே போர். 1988 டிசம்பர் 22இல் நியூயார்க் ஒப்பந்தம்: கியூபப் படை அங்கோலாவிலிருந்து கிளம்ப வேண்டும், நமீபியாவுக்கு விடுதலை. 1989 ஜனவரியில் நம் அதிபர் போத்தாவுக்குப் பக்கவாதம். அந்த ஆண்டிலேயே டி கிளெர்க் அதிபராகிறார். நவம்பர் 9, பெர்லின் சுவர் திறக்கிறது. 1990 பிப்ரவரி 2, நிறவெறியை எதிர்த்த ஏஎன்சி (மண்டேலாவின் இயக்கம்), பிஏசி, கம்யூனிஸ்ட் கட்சி மீதான தடைகள் நீக்கம். பிப்ரவரி 11, மண்டேலா விடுதலை.

சுவர் திறந்ததற்கும் தடை நீங்கியதற்கும் நடுவில் மூன்று மாதம்கூட இல்லை. இப்போது கேளுங்கள், ஏன் அப்போது? “கம்யூனிசம் வந்துவிடும்” என்று மேற்கு நாடுகளிடம் காட்டிவந்த பயம் அரசுக்குக் கை கொடுக்காமல் போனது. ஏஎன்சிக்கும் மாஸ்கோவின் ஆதரவை நம்பி ஆயுதப் போரை நீட்டிக்க முடியாத நிலை. ஆக, இரண்டு தரப்பும் பேச்சுக்கு வர வேண்டிய நேரம். சரி, அது மட்டும்தானா? கோட்டுக்குக் கீழே பாருங்கள். 1983இல் பல எதிர்ப்பு அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய யுடிஎஃப் கூட்டணி, தொழிற்சங்கங்கள், பள்ளி மாணவர்கள், தெருத் தெருவாக நடந்த எதிர்ப்பு. மூன்று அவை கொண்ட நாடாளுமன்றத்தில் இந்திய வம்சாவளியினரான நமக்கும் ஓர் அவை தருகிறோம் என்று அரசு சொன்னபோது, 1984 தேர்தலில் நம் ஆட்களில் பெரும்பாலோர் வாக்குப் போடவே போகவில்லை. சுவர் விழாமல் இருந்திருந்தாலும் இந்த அரசு பழையபடி ஓடியிருக்காது. சோவியத் சரிவு பேச்சுவார்த்தையை விரைவுபடுத்தியது, ஆனால் அதை உண்டாக்கியது இங்கேயே நடந்த போராட்டம் என்பது என் கருத்து. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். எதை நினைத்தாலும் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியிலும் அந்த வாதத்தைத் தொட்டு எழுதுங்கள். ‘எந்த அளவுக்கு’ என்று கேட்டால் அளவைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதே கேள்வியோடு பின்னோக்கிப் போனால் தொழிற்புரட்சி வரைக்கும் ஒரே இழையாக வரும். பிரிட்டிஷ் காலனிகளில் 1834இல் அடிமை முறை முடிந்தது. ஆனால் தொழிற்சாலை நகரங்களின் சர்க்கரைத் தேவை கூடிக்கொண்டே போனது. டர்பன் இருக்கும் நேட்டாலில் கரும்புத் தோட்டக்காரர்கள் சொன்ன கூலிக்கு, சொந்த நிலமிருந்த ஜுலு மக்கள் ஒப்பந்த வேலைக்கு வர விரும்பவில்லை. அதனால்தான் 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. நம் குடும்பங்கள் இந்த ஊருக்கு வந்த கதையும் உலக வரலாற்றுப் பாடம்தான்.

அப்புறம் தங்கம். ஜோகன்னஸ்பர்க் பகுதியான விட்வாட்டர்ஸ்ராண்டில் 1886இல் கண்டுபிடித்த தாதுவில் தங்கம் மிகக் குறைவு, அதிலும் பெரும்பகுதி ஆழத்தில். நூறு வருஷம் முன்னால் யாராவது கண்டுபிடித்திருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. நீராவி இயந்திரமும் லண்டன் முதலீடும் தயாராக இருந்தன; தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் சயனைடு முறையும் அடுத்த சில வருஷத்திலேயே வந்துவிட்டது. ஜெர்மனி முதலிய நாடுகள் 1870களில் தங்க நாணய முறைக்கு (பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைப்பது) மாறியிருந்தன. தங்கம் எவ்வளவு கிடைத்தாலும் வாங்க ஆள் இருந்தது. தாதுவின் தரம் குறைவு என்பதால் லாபத்துக்குக் கூலியை அழுத்தினார்கள். 1899இல் தொடங்கிய பிரிட்டிஷ்–போயர் போரையும், கறுப்பின மக்களின் நில உரிமையைப் பறித்த 1913 நிலச் சட்டத்தையும் இங்கிருந்து படித்துப் பாருங்கள், ஒன்றோடொன்று பொருந்தும்.

பதினோராம் வகுப்பில் படித்த 1929 பொருளாதாரச் சரிவையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1933இல் ரூஸ்வெல்ட்டின் புதிய திட்டம் வருகிறது. ரஷ்யாவில் 1928 முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஓடுகிறது. நம் நாடு 1932 டிசம்பரில் தங்க நாணய முறையை விட்டு விலக, உள்ளூர்ப் பணத்தில் தங்கத்தின் விலை ஏறிச் சுரங்கங்கள் செழிக்கின்றன. ஒரே நெருக்கடிக் காலம், மூன்று வழி. இது பன்னிரண்டாம் வகுப்புக்கு நேராக வராது. ஆனால் பனிப்போரில் இரண்டு தரப்பும் ஏன் தங்கள் வழியே சரி என்று அவ்வளவு பிடிவாதமாக நம்பின என்பது இதைத் தெரிந்தால்தான் புரியும்.

இனி ஆவணக் கேள்வி. இதற்குப் பயிற்சி கொடுக்க நான் ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேட்டைத்தான் எடுப்பேன். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. பிள்ளைகள் சொந்த ஊர்ப் பெயரைத் தேடிக் குனிந்துவிடுவார்கள், தேடட்டும். பிறகு கேட்பேன்: யார் எழுதினது? எதற்காக எழுதினது? ஓடிப்போனால் பிடிப்பதற்கு எந்தக் கட்டம் உதவும்? இந்தத் தாளில் எது இல்லை? ஏன் கிளம்பினார்கள், என்ன சொல்லி அழைத்து வந்தார்கள், அம்மாவின் பெயர் என்ன என்பதெல்லாம் இல்லை. தேர்வில் ‘இந்த ஆவணம் வரலாற்றாளருக்கு எவ்வளவு பயன்படும்?’ என்று வரும்போது இதே கேள்விகள்தான். படமோ கார்ட்டூனோ கொடுத்தாலும் முதலில் அடியில் உள்ள தேதியையும் வெளியிட்டவர் யார் என்பதையும் படியுங்கள். 1962 அக்டோபரில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றிப் போட்ட கார்ட்டூனும், பல வருஷம் கழித்து எழுதிய நினைவுக் குறிப்பும் ஒரே விஷயத்தைச் சொன்னாலும் ஒரே எடை உள்ளவை அல்ல.

ஆவணக் கேள்வியின் கடைசியில் சுமார் 8 வரியில், 80 சொல்லில் ஒரு பத்தி கேட்பார்கள். அதற்கு 8 மதிப்பெண் உண்டு. நேரம் போய்விட்டது என்று நல்ல மாணவர்கள்கூட இதை இரண்டு வரியில் எழுதிவிட்டு வருகிறார்கள். ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் என்றால், 45ஆவது நிமிடத்தில் எங்கே இருந்தாலும் இந்தப் பத்திக்கு வந்துவிடுங்கள். ஆவணங்களிலிருந்து இரண்டு மூன்று சான்றும், ஆவணத்தில் இல்லாத உங்கள் சொந்தத் தகவல் ஒன்றும் இருக்கட்டும். கல்வித் துறையின் இணையதளத்தில் பழைய பேப்பர்களும் விடைக் குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கும். இந்தப் பத்தியை மட்டும் தனியாக எடுத்து, கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். எழுதினதை அந்தக் குறிப்போடு நீங்களே ஒப்பிட்டுத் திருத்துங்கள்.