கடிகாரம் பார்க்கும் வேலை

சைபர் கிரைமில் இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும், எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் பாதிப் பேர் பாஸ்வேர்டு மறந்துபோன போனோடு வந்து நிற்பார்கள். மீதிப் பேர் நான் இருட்டறையில் உட்கார்ந்து ஹேக் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஐடி சட்டப்படி விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர்தான். நான் அவருக்கு உதவுகிற எஸ்ஐ. நாள் முழுக்க நான் அதிகம் செய்வது மணி பார்ப்பது.

எம்.சி. ரோடு துணிக்கடைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மோசடிப் பணத்தை ஏடிஎம்மில் எடுத்தவன் அந்த வாசல் வழியாக நடந்திருப்பான். கல்லாவுக்கு மேலே, துணி மூட்டைக்குப் பின்னால், சிசிடிவி கேமராப் பதிவைச் சேமிக்கிற, தூசி படிந்த டிவிஆர் பெட்டி இருக்கும். அதில் நேரம் சரியாக ஓடி நான் பார்த்தது குறைவு. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வரும்போதெல்லாம் 2000 ஜனவரி 1-க்குத் திரும்பிவிடுகிற பெட்டிகளும் உண்டு. "இருங்க சார், டைமைச் சரி பண்ணித் தர்றேன்" என்று கடைக்காரர் நல்ல மனதோடு மவுஸை எடுப்பார். முதலில் அந்தக் கையைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும். தப்பான நேரம் தப்பாகவே இருக்கட்டும். டிவிஆர் திரையையும் என் போனில் ஓடும் நேரத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுத்து, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னால் அங்கேயே எழுதும் பதிவில், எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மாற்றிவிட்டாலோ, பழைய பதிவு எந்தக் கணக்கில் ஓடியது என்று கோர்ட்டில் கேட்டால் விழிக்க வேண்டியதுதான். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருப்பதால் நாள் கடத்தவும் முடியாது.

அப்புறம் காகிதம். இப்படிப்பட்ட மின்னணுப் பதிவைக் கோர்ட் ஏற்க ஒரு சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு. சான்றிதழில் இரண்டு பகுதி: ஒன்றில் கருவியை வைத்திருப்பவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து. ஃபைலின் கைரேகை மாதிரியான ஹாஷ் மதிப்பும் அதில் ஏற வேண்டும். எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டால் 64 எழுத்து. ஃபைலில் துளி மாறினாலும் அது வேறாகிவிடும். "நான் நைட்டி விக்கிறவன் சார், கோர்ட்டுக்கெல்லாம் இழுக்காதீங்க" என்பார் கடைக்காரர். அவரைச் சமாதானப்படுத்த எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

போனைப் பறிமுதல் செய்தால் ஃப்ளைட் மோடில் போட்டு, சிக்னல் புகாத ஃபாரடே பைக்குள் வைக்கிறோம். இல்லையென்றால் எங்கிருந்தோ ஒருவன் மொத்தத்தையும் அழித்துவிடலாம். மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குப் போய்ச் சேரும்வரை யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டே வர வேண்டும்.

பெரிய வில்லங்கம் யுடிசி எனும் உலகப் பொது நேரம். லாகின் விவரங்கள் பல சமயம் அந்தக் கணக்கில்தான் வரும். நாம் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி ஒன்றையே பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்பதால் நேரம் தவறினால் சம்பந்தமே இல்லாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவின் வங்கிக் கணக்கில் மோசடிப் பணம் விழுந்து, சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்துபோனது. பணத்தை இழந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் பண்ணியதும் கணக்கு முடங்கியது. லாகின் தாளில் 20:30 என்றிருந்தது. விசாரிக்கப் போன காவலர், "ராத்திரி எட்டரைக்கு எங்கம்மா இருந்தீங்க?" என்றார். "ஊட்ல தான் சார். எட்டு மணிக்கெல்லாம் போனைத் தலைமாட்ல வச்சுட்டுப் படுத்துருவேன்." கேட்பதற்குச் சந்தேகமான பதில்தான். ஐந்தரையைக் கூட்டினால் மறுநாள் அதிகாலை 2 மணி, தேதியும் சேர்ந்து மாறிவிடுகிறது. "அந்நேரம் ஏலத்துல நிப்பேன், யாரை வேணா கேட்டுப் பாரு சார்." அவர் கையில் இருந்தது பட்டன் போன். லோன் வாங்கித் தருவதாகச் சொல்லி பாஸ்புக், கார்டு, அவர் பெயரில் எடுத்த சிம் மூன்றையும் வாங்கிப்போனவன் பக்கத்துத் தெருப் பையன். அவனும் சில ஆயிரத்துக்கு அதை வேறு யாருக்கோ கைமாற்றியிருந்தான்.

அந்த அம்மாவைச் சாட்சியாகச் சேர்த்தோம். சம்மன் காலை பத்தரைக்கு. ஏலம் முடிந்து வர நேரம் இருக்கிறதே என்றேன்.

"எடுத்த மீனை வித்துட்டு வர வேணாமா சார்?" என்றார்.