சுவர் வேண்டாம் என்று தொடங்கிய வகுப்பறை

மதுரைக்கு அருகே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், பகலில் 60 மாணவர்க்கு வகுப்பறையாகவும் மாலையில் கூடுமிடமாகவும் பயன்படும் மண்டபம் ஒன்றை வடிவமைக்கும் பணி எனக்கு வந்தபோது, நான்கு புறமும் திறந்த கூரையைத்தான் முதலில் வரைந்தேன். சாந்திநிகேதனில் மரத்தடியில் ஆசிரியரைச் சுற்றி மாணவர் வளைந்து அமர்ந்திருக்கும் காட்சி என் மனத்தில் இருந்தது. அந்த வளைவை விட்டுவிட்டுத் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, பேராசிரியர் ஒருவரைப் பாடம் நடத்தச் சொன்னோம். 12 மீட்டர் தள்ளியிருந்த கடைசி வரிசைக்குப் பாதிச் சொற்கள் எட்டவில்லை. வெட்டவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். திருப்பியனுப்பச் சுவர் இல்லையென்றால் குரல் போனது போனதுதான். எனவே வரிசைகளை வளைத்துக் கடைசி மாணவரை 7 மீட்டருக்குள் கொண்டுவந்தேன். ஆசிரியரின் முதுகுப்புறம் செங்கற்சுவர் ஒன்றை எழுப்பினேன். அதை மேற்கில் வைத்ததால் பிற்பகல் வெயிலும் தடுக்கப்பட்டது. காலை வெயில் ஆசிரியர் முகத்தில் அடிக்காதிருக்கக் கிழக்கே, சுவர் எல்லையைத் தாண்டி நீளும் கூரை விளிம்பான இறவாரம் தாழ்ந்திருக்கிறது; புங்க மரங்களும் உண்டு. வடக்கிலும் இறவாரத்தை நீட்டியது பலருக்கு வியப்பளித்தது. ஆனால், ஜூன் மாத நண்பகலில் மதுரையில் சூரியன் உச்சிக்கு ஏறத்தாழ 13 பாகை வடக்கே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரலும் வடகிழக்கிலிருந்தே வீசும்.

செலவு குறையும் என்று தகரக் கூரையைப் பரிந்துரைத்தார்கள். மழை பெய்தால் அதனடியில் யார் பேசுவதும் கேட்காது என்பதால், ஓட்டுக் கூரையில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அமரும் படிகள் திண்ணை அளவில் 45 செ.மீ. உயரமும், பின்வரிசையாரின் கால் முன்வரிசையார் முதுகில் இடிக்காதபடி 90 செ.மீ. அகலமும் கொண்டவை. தரையையும் 45 செ.மீ. உயர்த்தியிருந்தேன்; சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை 1:12 சரிவில், அதாவது 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளத்தில் அமைக்க 5.4 மீட்டர் நீளம் தேவைப்பட்டது. அதற்கு என் முதல் வரைபடத்தில் இடமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நுழைவாயிலை வடக்குக்கு மாற்றிய பிறகே அது பொருந்தியது.

மின்விசிறி வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் ஓயவில்லை. மின்கம்பிக்கான குழாய்களை மட்டும் பதித்திருக்கிறேன். ஒரு சித்திரை கழியட்டும், பார்க்கலாம். அதற்குள் உத்தரங்களில் காகங்கள் வந்து உட்காராதிருக்க ஒரு வழி கண்டாக வேண்டும்.