சினை ஊசி: பருவம் பார்ப்பதிலிருந்து சினை உறுதியாகும் வரை

சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், செய்தும் மாடு சினை பிடிக்காவிட்டால், உறைய வைத்த விந்து அடைத்த மெல்லிய குழாயான விந்துக் குச்சியைத்தான் முதலில் குறை சொல்கிறோம். பெரும்பாலும் தவறிப்போவது நேரம்.

மாடு காளை தேடும் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை. 18 முதல் 24 வரை முன்னே பின்னே போகும். வந்தால் நீடிப்பது 12 முதல் 18 மணி நேரம்தான். கோடையில் இன்னும் சுருங்கும், இரவில் வந்து விடிவதற்குள் அடங்கிவிடும். அதனால் அதிகாலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் அரை மணி நேரம் நின்று பாருங்கள். தீனி வைக்கும் நேரத்தில் பார்த்துப் பயனில்லை, மாட்டின் கவனமெல்லாம் தொட்டியில்தான் இருக்கும்.

கத்தும், பால் குறையும், அடிக்கடி சிறுநீர் விடும். இவற்றை மட்டும் வைத்து ஊசிக்கு ஆள் கூப்பிடாதீர்கள். வேறொரு மாடு மேலே தாவும்போது எந்த மாடு நகராமல் தாங்கி நிற்கிறதோ, அதுதான் பருவத்தில் இருக்கிறது. ஒற்றை மாடு என்றால் வாலடியையும் படுத்து எழுந்த இடத்தையும் பாருங்கள். பிறப்புறுப்பிலிருந்து வழியும் கோழை கண்ணாடி போலத் தெளிந்து, அறுபடாமல் நீளமாகத் தொங்க வேண்டும். கலங்கலாக, சீழ்த் திரியோடு வந்தால் கருப்பையில் நோய்த்தொற்று. அந்தப் பருவத்தை விட்டுவிட்டு முதலில் வைத்தியம் பாருங்கள்.

காலையில் தாங்கி நின்றால் மாலையில் ஊசி, மாலையில் நின்றால் மறுநாள் காலை. பருவம் அடங்கி 10–12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். கண்டவுடன் போட்டுவிட்டால் அதுவரை விந்தணு வீரியத்தோடு தாங்காது.

குச்சியை 35–37 டிகிரி வெந்நீரில் 30 விநாடியாவது வைத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டே வெட்ட வேண்டும். ஒரு சொட்டு நீர் கலந்தாலும் விந்தணு செத்துவிடும். உள்ளங்கையில் தேய்த்தோ, சட்டைப் பையில் போட்டோ உருக்க வந்தால் தயங்காமல் தடுங்கள். உருக்கிய 15 நிமிடத்துக்குள், கருப்பை வாயின் மடிப்புகளைத் தாண்டியதும் மெதுவாக விட வேண்டும். அதற்கு மேல் ஆழம் போனால் உள்சுவர் கீறும்.

இரண்டு மூன்று நாளில் வாலில் ரத்தக்கறை தெரிந்தால் பயப்படாதீர்கள், பருவம் முடிந்ததற்கு அது அடையாளம், சினை தவறியதற்கு அல்ல. பருவத்தைப் பார்க்கத் தவறியவர்களுக்கு இந்தக் கறை கைகொடுக்கும்: அன்றிலிருந்து 16ஆம் நாளே கவனிக்கத் தொடங்குங்கள்.

மறுபருவம் கண்ணில் படவில்லை என்பதை வைத்துச் சினை என்று முடிவு கட்ட வேண்டாம். வெளியே அறிகுறி காட்டாத ஊமைப் பருவம் எருமையில் சாதாரணம், மாட்டிலும் உண்டு. ஊசி போட்டு 60 நாள் கடந்ததும், ஆசனவாய் வழியே கைவிட்டுச் சினை பார்க்கும் கைப்பரிசோதனையைச் செய்துவிடுங்கள். மூன்று ஊசிக்கும் சினை நிற்காத மாட்டுக்கு நான்காவது குச்சியை எடுப்பதற்கு முன் கருப்பையையும் சினைப்பையையும் கால்நடை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.