இலந்தை மரமும் முப்பது பேரும் – அமிர்தசரஸ் அனுபவம்

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போற எல்லாரும் தங்கத்தத்தான் போட்டோ எடுக்குறாங்க, நானும் எடுத்தேன். ஆனா அந்தத் தங்கம் மகாராஜா ரஞ்சித் சிங் 1799ல லாகூர பிடிச்சதுக்கு அப்புறம் போட்டது. அதுக்கு முன்னாடி இந்தக் கோயில் பட்ட பாடு குளத்த ஒரு சுத்து சுத்தினாத்தான் புரியும்.

செருப்ப கொடுத்து டோக்கன் வாங்கி, தலைல துணி கட்டி, வாசல்ல ஓடுற தண்ணில கால நனச்சுட்டு படி இறங்கணும், ஏறுறதில்ல. கீழ வந்ததும் நம்ம தெப்பக்குளம் மாதிரி நடுவுல ஹர்மந்திர் சாஹிப் (அதான் பொற்கோயில்), சுத்தி வெள்ள மார்பிள்ல பரிக்ரமான்னு சொல்ற சுத்துப் பாதை, ஸ்பீக்கர்ல விடாம கீர்த்தனை.

உள்ள போற வளைவுக்குப் பக்கத்துல ஒரு இலந்தை மரம் இருக்கு, முக்காவாசி பேர் நிழலுக்கு நின்னுட்டுப் போயிடுறாங்க. 1740ல மஸ்ஸா ரங்கர்னு ஒரு முகலாய அதிகாரி கோயிலுக்குள்ளயே கட்டில் போட்டு நாட்டியம் பாத்துட்டு இருந்தானாம். சீக்கியர்களோ காட்டுலயும் பாலைவனத்துலயும் ஒளிஞ்சிருந்த காலம் அது. பிகானேர் பக்கத்துல இருந்து சுக்கா சிங், மெஹ்தாப் சிங்னு ரெண்டு பேர் வரி கட்ட வந்த மாதிரி வேஷம் போட்டு, பையில ஓட்டுச்சில்லு நிரப்பி மேலாப்புல காசு போட்டு, குதிரைய இந்த மரத்துல கட்டிட்டு உள்ள போய் அவன் தலைய எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. நான் அந்தப் பட்டைய தொட்டுக் கும்பிட்டேன், பக்கத்துல ஒரு பாட்டி நெத்திய வெச்சே கும்பிட்டுட்டு இருந்தாங்க.

அந்த பதினெட்டாம் நூற்றாண்டுல பஞ்சாப்ப யாரு ஆண்டாங்கன்னு கேட்டா தலை சுத்தும். டெல்லி முகலாயர் தளர்ந்து போக, 1739ல பாரசீக மன்னர் நாதிர் ஷா வந்து டெல்லிய கொள்ளையடிச்சார், அப்புறம் ஆப்கான் மன்னர் அகமது ஷா அப்தாலி திரும்பத் திரும்ப வந்தார், 1758ல மராத்தியர் லாகூர் வரைக்கும் வந்தாங்க, 1761ல பானிபட்ல அடி வாங்கினாங்க. வந்த யாரும் நிலைக்கல, கிராமத்துக்கு காவல் கொடுக்க ஆளே இல்ல. சீக்கியக் குதிரைப் படைங்க அந்த வேலைய எடுத்துக்கிட்டாங்க, விளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்கு கொடுத்தா பாதுகாப்பு, அதுக்கு ராக்கின்னு பேரு. இவங்க வளர்ந்ததுக்கு வீரம் மட்டும் காரணம் இல்ல, இந்த ஏற்பாடும்தான்னு எனக்குத் தோணுது.

பரிக்ரமாலயே பாபா தீப் சிங்ங்கற சீக்கிய வீரரோட நினைவிடம் இருக்கு, 1757ல வெட்டுப்பட்ட தலைய கையில தாங்கிட்டே கோயில் வரைக்கும் வந்து சேர்ந்தார்னு சொல்றாங்க, பூ குவிஞ்சு கிடக்குது. 1762ல அப்தாலி ஆயிரக்கணக்கான பேர கொன்னுட்டு கோயில வெடிமருந்து வெச்சுத் தகர்த்து குளத்தயும் மூடினார், அந்த வருஷம் தீபாவளிக்கே எல்லாரும் திரும்ப இங்க கூடிட்டாங்க!

எனக்குத் தொண்டை அடைச்சது, சீக்கியர்களோட உயர்ந்த பீடமான அகால் தக்த் பின்னாடி இருக்குற குர்பக்ஷ் சிங் நினைவிடத்துலதான். 1764 டிசம்பர்ல அப்தாலியோட பெரும்படை வந்தப்ப இவர் தலைமைல எதிர்த்து நின்னது முப்பது பேர், அத்தன பேரும் செத்தாங்க. இத எழுதி வெச்சது அப்தாலி கூடவே வந்த காஜி நூர் முகமதுங்கறவரு. பக்கம் பக்கமா சீக்கியர்கள திட்டினவரு, ஓடுறவன வெட்ட மாட்டாங்க, பொம்பளைங்க நகைய தொட மாட்டாங்கன்னும் அவரே எழுதிட்டார். அடுத்த வருஷம் 1765ல லாகூர் சீக்கியர் கைக்கு வந்துடுச்சு.

எல்லாருக்கும் இலவசமா சாப்பாடு போடுற லங்கர்ல சாப்பிடாம வராதீங்க, ரொட்டிய ரெண்டு கையயும் ஏந்தித்தான் வாங்கணும், பருப்பு கேக்கக் கேக்க ஊத்துறாங்க. சாயங்காலம் கொடி இறக்குறத பாக்க அட்டாரி பாகிஸ்தான் பார்டர் போறதா இருந்தா மத்தியானமே கிளம்பணும், அதனால கோயிலுக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிடுங்க, கூட்டமும் கொஞ்சம் கம்மியா இருக்கும். குர்பக்ஷ் சிங் இடத்த மட்டும் நீல உடுப்பு போட்ட சேவாதார் (கோயில் தொண்டர்) யாரையாவது கேட்டுப் போங்க.