இங்கிலாந்தில் பேண்ட் 5 நர்ஸ் ஆனது எப்படி

பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் இருந்தேன். சீனியர் ஸ்டாஃப் என்று பேர் மாறியது, பொறுப்பு கூடியது, சம்பளம் மட்டும் அசையவில்லை. சரி, இங்கிலாந்துக்கு முயன்று பார்ப்போம் என்று இறங்கினேன். பேண்ட் 5 என்பது அங்கே அரசு மருத்துவமனைகளில் பதிவு பெற்ற நர்ஸின் தொடக்கச் சம்பள நிலை.

அங்கே நர்ஸாக வேலை செய்ய, நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சியின் பதிவு வேண்டும். முதலில் ஆங்கிலத் தேர்வு. ஐஇஎல்டிஎஸ்ஸும் எழுதலாம், ஆனால் நமக்கு மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வுதான் தோது, கேட்பது படிப்பது எல்லாமே நோயாளி, மருந்து, வார்டு பற்றித்தான் வரும். எழுத்தில் மட்டும் சி பிளஸ் போதும், மற்ற மூன்றிலும் பி வேண்டும். எழுத்தில் ஒரு கடிதம் கேட்பார்கள். கேஸ் நோட்ஸில் இருப்பதையெல்லாம் கொட்டாமல், கடிதம் யாருக்குப் போகிறதோ அவருக்கு வேண்டியதை மட்டும் 180–200 சொற்களில் எழுத வேண்டும். அப்புறம் சிபிடி, கணினித் தேர்வு, இந்தியாவிலேயே எழுதிவிடலாம். டோஸ் கணக்கு, டிரிப் கணக்கு தெரிந்தவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

உண்மையான பாடு ஆஸ்கியில்தான். இங்கிலாந்து வந்தபின் நேரில் செய்து காட்டும் தேர்வு, மொத்தம் 10 ஸ்டேஷன். நான்கு ஸ்டேஷன் ஒரே நோயாளியைச் சுற்றி: பரிசோதிப்பது, திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது, அடுத்தவரிடம் ஒப்படைப்பது. இன்னொரு நான்கு கையால் செய்து காட்டும் நர்சிங் வேலை, மீதி இரண்டு பேச்சே இல்லாத எழுத்து.

ஐசியூவில் வருடக்கணக்கில் இருந்தவர்களும் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், வேலை தெரியாமல் இல்லை. நம் ஊரில் வேலை தெரிந்தவர் என்றால் சத்தமில்லாமல், சட்டென்று முடிப்பவர். இங்கே ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். கை கழுவுகிறேன், உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, ஏதாவது அலர்ஜி உண்டா, பிபி பார்க்கலாமா, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். நோயாளியின் சம்மதம் கேட்காமல் கஃப் கட்டினால், பிபி சரியாகவே வந்தாலும் மார்க் போகும். மூச்சை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கும் வேலையும் செல்லாது, முழு நிமிடம் எண்ண வேண்டும். முதலில் எனக்கு இது நாடகம் மாதிரிதான் பட்டது. இப்போது வார்டில் அதையேதான் தினமும் செய்கிறேன், இங்குள்ள நோயாளிகளும் அதை எதிர்பார்க்கிறார்கள். அறைத்தோழியைக் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணாடி முன் நின்று, சமைக்கும்போதுகூட சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், புத்தகத்தை மனப்பாடம் செய்வதால் மட்டும் இது வராது.

ஆஸ்கி கட்டணம் 794 பவுண்டு. முதல் முறை பெரும்பாலும் வேலைக்கு எடுக்கும் மருத்துவமனையே கட்டும். 7 ஸ்டேஷன் வரை தவறினால் அவற்றை மட்டும் திரும்பச் செய்யலாம், அதற்குப் பாதிக் கட்டணம். 8 அல்லது அதற்கு மேல் தவறினால் முழுக் கட்டணத்தோடு முழுசாக மறுபடி. தேறிப் பதிவு எண் கைக்கு வரும்வரை கீழ் பேண்டில்தான் சம்பளம், வந்தபின் பேண்ட் 5.

வேலை வாங்கித் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்சியிடம் போகாதீர்கள், வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று இங்கிலாந்தின் நடத்தை விதியே சொல்கிறது. ஒப்பந்தத்தில் எத்தனை வருடத்துக்குள் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பகுதியையும் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.