ஆயிரம் அடிக்கு ஒரு முழம்

பெர்லினுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு விடியற்காலையில், கொப்பெனிக்கர் தெருவில் உள்ள டிரெசோர் நடனக்கூடத்தின் நிலவறையில் நின்றிருந்தேன். இரண்டு மணி நேரமாக ஒரே கிக் ஒலி, டிரம்மின் தாழ்ந்த அடி, நெஞ்சுக்கூட்டில் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. சுற்றியிருந்தவர்கள் கைகளை உயர்த்திக் கூவினார்கள். திரும்பி வரப்போகும் அடிக்காக அவர்கள் காத்திருந்தார்கள். எனக்கோ அடிவயிறு கலங்கியது. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அப்பா வாசலுக்குப் போய் அடுத்த தெருவிலும் விளக்கு இல்லையா என்று பார்ப்பார், அம்மா இருட்டிலேயே தீப்பெட்டியைத் தடவி எடுப்பார் என்னும் எதிர்பார்ப்பு உடம்பில் எழுந்து அடங்குவதற்குள், கிக் மீண்டும் விழுந்தது. டிரெசோர் இருக்கும் அந்தக் கட்டடம், ஒரு காலத்தில் கிழக்கு பெர்லினுக்காக இயங்கிய அனல்மின் நிலையம் என்பது பிறகு தெரிந்தது. பழைய மின் நிலையத்துக்குள் நின்றபோதுதான் என் ஊரான பள்ளிபாளையத்து மின்வெட்டு நினைவுக்கு வந்தது.

விசைத்தறி ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தக் கலக்கத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு தறிகள் இரவும் பகலும் ஓடின. அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தை, சத்தம் வந்தால் விழிக்காது. சத்தம் நின்றால்தான் விழித்து அழும். தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில், எங்கள் தெரு முழுவதும் ஒரே நொடியில் ஊமையாகும். அந்த அமைதியில் எல்லா வீடுகளிலிருந்தும் குழந்தைகளின் அழுகுரல் கிளம்பும். மிகச் சில ஒலிகளையே திரும்பத் திரும்ப ஓடவிடும் மினிமல் டெக்னோ என்னும் மின்னணு நடன இசைக்கு நான் வந்து சேர்ந்த வழியைக் கேட்பவர்களிடம் இப்போது இந்த அழுகையிலிருந்துதான் தொடங்குகிறேன்.

ஆனால் வந்தபோது நான் அப்படிப்பட்ட இசையைச் செய்யவில்லை. சென்னையில் கல்லூரி நாட்களில் கணினியில் இசையமைக்கத் தொடங்கியதிலிருந்தே, நிறைத்து வைப்பதுதான் என் வழக்கம். உறுமி, நாதஸ்வரம், வயலின், யாருடைய குரலாவது, அதன்மேல் மூன்று சிந்தசைசர் என்று ஒரே பாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அறுபது ஒலித்தடங்கள் வரை போகும். கல்யாண மண்டபத்தில் மேளமும் ஒலிபெருக்கிப் பாட்டும் பந்தியின் இரைச்சலும் ஒருசேரக் கேட்டு வளர்ந்த காதுக்கு, வெற்றிடம் என்பது யாரோ வேலையை முடிக்காமல் போனதைப் போலவே தெரியும். அந்தப் பாட்டுகளை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவற்றில் ஆடியவர்கள் மனதார ஆடினார்கள்.

மாற்றத்தைத் தொடங்கிவைத்தது ஒரு தாள். குடியேறிய இரண்டாம் மாதம், என் வீட்டுக் கதவில் கோடு போட்ட காகிதம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் கோபச் சொல் ஒன்றுகூட இல்லை, 22.10, 22.40, 23.05 என்று நேரங்கள் மட்டும் சீரான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. இரவு பத்து மணிக்குமேல் இங்கே ஊர் அடங்கிவிட வேண்டும். திட்டியிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் கீழ்வீட்டு அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வயலின், குரல் எதுவும் தமக்குக் கேட்கவில்லை என்றும், அடி மட்டும்தான் தரை வழியாக இறங்கி வருகிறது என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். மேசையின்மேல் விரலால் தட்டியும் காட்டினார். தட்டு, தட்டு, தட்டு, தட்டு.

மாடிப்படி ஏறி வரும்போதே அந்த விரல்தட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. 50 ஹெர்ட்ஸ் ஒலி காற்றில் ஏறத்தாழ ஏழு மீட்டர் நீள அலையாகச் செல்லும், சுவரும் தரையும் அதை எளிதில் தடுப்பதில்லை. கூர்மையான ஒலிகளைச் சுவர் விழுங்கிவிடும். அறுபது தடங்களில் ஐம்பத்தொன்பதை என் வீட்டுத் தரையே நீக்கிவிட்டு, மிச்சத்தை அவருக்குக் கேட்கக் கொடுத்திருந்தது. நானும் தறியை அப்படித்தானே கேட்டேன்? தறிக்கூடத்துக்குள் நின்றால் குறுக்கு நூலைச் சுமந்த நாடா பாய்வதும், அதை உந்தித் தள்ளும் பிக்கர் அறைவதும், பல்சக்கரங்கள் உரசுவதும் சேர்ந்து பேச்சே கேட்காது. சுவருக்கு இந்தப் பக்கம், பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்கு வந்து சேர்வது மெத்தென்ற அடி மட்டுமே. இடையே இருந்த மரக்கதவை அம்மா திறந்தால் கூர்மையான ஒலிகள் எல்லாம் குபீரென்று உள்ளே வரும். சாத்தினால் மீண்டும் மெத்தென்றாகும். சிந்தசைசரில் ஃபில்டர் என்று ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் நடப்பது இதுவேதான். மினிமல் டெக்னோவில் பாதி உணர்ச்சி அந்தக் குமிழ் திறப்பதிலும் மூடுவதிலும் இருக்கிறது என்பதை நான் பாடமாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

படிக்க வேண்டியிருந்தது வரலாற்றைத்தான். 1989இல் மார்க் எர்னெஸ்டஸ் தொடங்கிய ஹார்ட் வாக்ஸ் என்னும் இசைத்தட்டுக் கடை, அப்போது கிராய்ஸ்பெர்க்கில் கால்வாய்க் கரையை ஒட்டிய ஒரு பின்கட்டு மாடியில் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். எர்னெஸ்டஸும் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் 1993 முதல் பேசிக் சேனல் என்ற பெயரில் வெளியிட்ட தட்டுகளில், சில சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் ஒரே ஒரு இணைசுரம் எதிரொலியாகத் தேய்ந்து தேய்ந்து, கிக்கின் மேல் பனிபோல் மிதந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ராபர்ட் ஹூட், வேகமும் இரைச்சலும் கூடிப்போன அன்றைய ரேவ் என்னும் நடனக் கொண்டாட்ட இசைக்கு மறுமொழியாக, 1994இல் ‘மினிமல் நேஷன்’ தட்டை வெளியிட்டார். ஒரு டிரம் இயந்திரம், ஒரு சிறு சுரத்துணுக்கு, அதன் மெல்லிய மாற்றங்கள், அவ்வளவுதான். அதை முதன்முறை கேட்டபோது எனக்கு ஜெர்மனியும் தெரியவில்லை, அமெரிக்காவும் தெரியவில்லை. அந்த இசையைக் கார்த் தொழிற்சாலைகளின் ஊர் பெற்றெடுத்தது என்று அறிந்ததும், இயந்திரத்தோடு வாழ்ந்தவர்கள் இயந்திரத்தை இப்படித்தான் பாடுவார்கள் என்று பட்டது.

இந்த இசையைச் செய்தவர்களில் இடம் மாறியவர்கள் பலர் என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. ரிக்கார்டோ வில்லலோபோஸ் 1970இல் சிலியில் பிறந்து, 1973 ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடர்ந்து குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்தவர். ரிச்சி ஹாட்டின் இங்கிலாந்தில் பிறந்து, கனடாவின் வின்ட்சரை ஒட்டி வளர்ந்தவர். வின்ட்சரிலிருந்து பார்த்தால் ஆற்றின் அக்கரையில் டெட்ராய்ட். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் காவிரியின் அக்கரையில் ஈரோடு. நெய்த துணியை மூட்டையாகக் கட்டி அந்தப் பாலத்தைக் கடந்துதான் விற்க வேண்டும்.

வேலை மெதுவாக நடந்தது. ஒரு தடத்தை நீக்குவேன், ஒரு வாரம் கேட்பேன், மீண்டும் ஒன்றை நீக்குவேன். முதலில் நாதஸ்வரம் போனது, அதற்கு மனம் ஒப்பவே இல்லை. பிறகு வயலின், குரல். கடைசியில் ஐந்து ஒலிகள் மிஞ்சின. குறைவான ஒலிகளை வைத்துக்கொண்டால் வேலை குறையும் என்று எண்ணுபவர்கள் ஒரு மாதம் முயன்று பார்க்க வேண்டும். அறுபது தடங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும் பிழை, ஐந்துக்கு நடுவே நடுவீட்டில் வந்து உட்காரும். நிமிடத்திற்கு 125 அடி என்று வைத்தால், அடியின் கால்பங்கான ஒரு ஸ்டெப்பின் நீளம் 0.12 நொடி. கிக் பதினாறு ஸ்டெப் சுழற்சியில் செல்லும்போது, அதன்மேல் ஐந்து ஸ்டெப்புக்கு ஒருமுறை வரும் ஒரு சிறு ஒலியை வைப்பேன். இரண்டும் பிரிந்து, நகர்ந்து, 80 ஸ்டெப் கழித்து, அதாவது 9.6 நொடியில், மீண்டும் ஒன்றாகத் தொடங்கும். ஐந்து என்பது நம் தாளக் கணக்கில் கண்டம். மிருதங்கக் கச்சேரியில் கோர்வை வைத்து மூன்று முறை வாசித்து, தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழும்போது சபை தலையாட்டுமே, அந்த விழுதல் இங்கே பத்து நொடிக்கு ஒருமுறை ஓசையில்லாமல் நடந்துவிட்டுப் போகிறது, யாரும் தலையாட்டுவதில்லை, ஆனால் கால்கள் அதை அறிந்துகொள்கின்றன.

இந்த நகரத்தில் எனக்கு இப்போது எல்லாம் பழகிவிட்டது. ஜெர்மன் மொழியில் கனவு வருகிறது. கீழ்வீட்டு அம்மையார் என் தபாலை வாங்கி வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமையின் அமைதியும் பிடித்துப்போயிற்று என்று எழுத வந்தேன். எழுதும்போதே, அந்த அமைதியில் அதிகாலை மூன்று மணிக்கு இன்னமும் காரணமின்றி விழித்துக்கொள்கிறேன் என்பதும் நினைவுக்கு வருகிறது.

என்னிடம் ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. நான் சென்னையில் இருந்த காலத்திலேயே ஒலிப்பதிவுக் கருவி வாங்கிவிட்டேன். கடல், பறக்கும் ரயில், கோயம்பேட்டுக் கூட்டம், மழை, தெருக்கூத்து என்று எத்தனையோ மணி நேரம் பதிவு செய்தேன். தறியை மட்டும் பதியவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது கருவி பையிலேயே கிடக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றைப் பதிந்துவைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கூலி கட்டுப்படியாகாமல் அப்பா முதலில் இரண்டு தறிகளை நிறுத்தினார், பிறகு நான்கை. நான் இங்கே வந்த மூன்றாம் ஆண்டில், ஆறையும் பழைய இரும்புக்கு, எடைக்குப் போட்டுவிட்டார். தொலைபேசியில் எடையைச் சொன்னார், கிடைத்த தொகையைச் சொன்னார். நான் சத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த முறை போனபோது நல்ல மைக்குகளாக இரண்டு எடுத்துச் சென்றேன். தறிக்கூடத்தில் தறிகள் இருந்த இடங்களில் எண்ணெய்க் கறை மட்டும் ஆறு கட்டங்களாக இருந்தது. அடுத்த தெருவில் ஒரு பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் நாடா இல்லாத புதிய தறிகள். அவை ஒரே இழுப்பாக விசிறிபோல் இரைகின்றன. நாடா மோதி நிற்கும் அந்த அடி அவற்றுக்குக் கிடையாது. வேறு ஊர்களில் பழைய தறிகள் இன்றும் ஓடுகின்றன, போய்ப் பதிந்திருக்கலாம், நண்பர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு வேண்டியது எந்தத் தறியோ அல்ல. மூன்றாவது தறியில் பிக்கர் தேய்ந்து, ஒவ்வோர் அடியும் இம்மியளவு பிந்தி விழுமே, அதுவும், அதைத் தாங்கிய எங்கள் வீட்டுச் சுவரும்தான். 2024இல் பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது நண்பர்கள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். கைத்தறிக்காவது போற்றிப் பேசும் மேடைகள் இருக்கின்றன. விசைத்தறியின் ஒலியை யார் மரபு என்பார்கள்? அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆகவே அதை நினைவிலிருந்து கட்டத் தொடங்கினேன். கிக்கை மண்சுவர் வழியாக வருவதுபோல் மெத்தென்றாக்கினேன். இரைச்சல் ஒலியொன்றைக் குறுக்கி நாடாவின் பாய்ச்சலாக்கினேன். மூன்றாவது ஒலியை மட்டும் ஒவ்வொரு முறையும் சில மில்லிநொடி பிந்தி விழச் செய்தேன். பிந்தும் அளவைக் காதால் தேடுவதிலேயே இரண்டு மாதம் போயிற்று. டிராக்கின், அதாவது முழுப் பாட்டின், நீளம் எட்டு நிமிடம். நிமிடத்திற்கு 125 அடி என்பதால் சரியாக 1000 அடி. நாடாத் தறிகள் ஓடும் வேகமும் ஏறத்தாழ அதுதான். அடிக்கு ஓர் ஊடை, அதாவது ஒரு குறுக்கு நூல், அங்குலத்திற்கு 60 ஊடை என்று கணக்கிட்டால், என் டிராக் ஒருமுறை ஓடி முடிவதற்குள் ஏறத்தாழ 17 அங்குலத் துணி இறங்கியிருக்கும். ஒரு முழத்துக்குச் சற்றே குறைவு.

சென்ற மாதம் அதன் இறுதிக் கலவையை அறையில் மெதுவாக ஓடவிட்டிருந்தபோது அம்மா அழைத்தார். அப்பாவின் கண் சிகிச்சை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின்னால் ஓடுவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்தாம் நிமிடத்தில் ஃபில்டர் மெல்லத் திறக்கத் தொடங்கி, கூர்மையான ஒலிகள் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அம்மா பேச்சை நிறுத்தினார். பிறகு, தறிக்கூடத்தின் இரைச்சலுக்கு மேலாகச் சொல்வதற்கு அவர் அந்நாளில் எழுப்பும் அதே உரத்த குரலில் சொன்னார்:

“கதவச் சாத்து கண்ணு, நீ பேசறது ஒண்ணுமே கேக்கல.”