எந்த முனையைக் கீறுவது? மூன்றாவது சுற்றில் முளைத்த செம்பருத்தி விதைகள்

பதினொரு விதை போட்டேன், எட்டு முளைத்தன. ஒன்று சரிந்துபோய் இப்போது ஏழு நாற்று கையில் இருக்கிறது. இதற்கு முந்தைய இரண்டு சுற்றுகளிலும் போட்ட பத்தொன்பது விதைகளில் ஒன்றுகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. அதனால் கோப்பைகளில் நிற்கும் இந்த ஏழையும் தினமும் நான்கு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முதல் சுற்றில் ஒன்பது விதை. வெறும் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து நேராகக் கலவையில் புதைத்தேன். ஆறு வாரம் பொறுத்துவிட்டுத் தோண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் போட்டபோது இருந்ததுபோலவே இருந்தது. நகத்தால் அழுத்தினால் சிறு கல்லை அழுத்துவதுபோல் இருக்கிறது. அந்த உறைக்குள் தண்ணீர் போகவே இல்லை.

சரி, உறையைக் கீறிவிட வேண்டியதுதான் என்று இரண்டாம் சுற்றில் பத்து விதையையும் பிளேடால் கீறினேன். கூர்முனைதான் பிடித்து வெட்ட வசதியாக இருந்தது, அதையே சீவினேன். ஊறவைத்ததும் பத்தும் ஒரே இரவில் இரண்டு மடங்காக உப்பின. அன்று அவ்வளவு சந்தோஷம். நான்காம் நாள் டப்பாவைத் திறந்தால் நாற்றம். பத்தும் கூழ். ஒன்றை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பிரித்தேன். உறைக்குள் வெள்ளையாக மடிந்து கிடந்த வித்திலைகள், அதாவது செடியின் முதல் இலைகள், முழுசாகத்தான் இருந்தன. முளைவேரின், அதாவது முதலில் வெளிவர வேண்டிய வேரின், நுனிதான் இல்லை. அதைத்தான் நான் சீவியிருக்கிறேன்.

செம்பருத்தி விதையைக் கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். சிறுநீரக வடிவம். ஒரு பக்கம் பருத்து உருண்டிருக்கும், மறுபக்கம் குறுகிக் கூராக முடியும். வேர் வெளியே வருவது அந்தக் கூர்முனை வழியாக. உள்ளே வேர் நுனி உறையை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது, அங்கே ஒரு மயிரிழை ஆழம் போனாலும் போச்சு. கீற வேண்டியது எதிர்முனையில், பருத்த பக்கத்தின் முதுகில். அங்கே உள்ளே இருப்பது வித்திலையின் மடிப்பு. தவறிப்போய்க் கொஞ்சம் பட்டாலும் இலை ஓரத்தில் ஒரு தழும்போடு செடி பிழைத்துக்கொள்ளும்.

எதனால் கீறுவது என்பதற்கு மூன்று கருவியைப் பார்த்துவிட்டேன். பிளேடு வழுக்குகிறது. விதைமேல் சில ரகத்தில் பூனைமயிர்போல் ரோமம் இருக்கும், அது பிளேடை வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. உப்புத்தாள் பாதுகாப்பானது, ஆனால் விரலுக்கு அடியில் விதை உருண்டுகொண்டே இருக்கும், எந்தப் பக்கம் தேய்கிறது என்று தெரியாது. கடைசியில் நகவெட்டிதான். விதையின் கூர்முனை கட்டைவிரலுக்குள் மறையும்படி பிடித்து, பருத்த முதுகை மட்டும் நகவெட்டியின் வாயில் காட்டி, முழுக்க அழுத்தாமல் மெல்லக் கடிக்கவிட வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பழுப்பு உறை செதிலாகப் பெயர்ந்து உள்ளே குண்டூசித் தலையளவு வெளிர் நிறம் தெரிந்தால் அதோடு கையை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று கை நீளும், நீளக்கூடாது. பதினொரு விதைக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நல்ல வெளிச்சம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

கீறியபின் வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு. காலையில் ஒன்பது உப்பியிருந்தன, இரண்டு அப்படியே கிடந்தன. மிதக்கும் விதையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொல்லும் பழக்கம் இருக்கிறதே, அதை நான் இனிமேல் நம்பப்போவதில்லை. ரோமத்தில் காற்று சிக்கினால் நல்ல விதையும் மிதக்கிறது. மிதந்த மூன்றில் இரண்டு இன்று செடியாக நிற்கின்றன.

உப்பியதை எல்லாம் ஈரமான டிஷ்யூ தாளில் மடித்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். உள்ளே தெர்மாமீட்டர் 28 டிகிரி காட்டியது. மூன்றாம் நாள் மாலை முதல் வேர். வெள்ளை நூல் நுனி, கூர்முனையிலிருந்து, சரியாக அந்த இடத்திலிருந்து. அடுத்த ஐந்து நாளில் மேலும் ஆறு. இரண்டு அழுகின. ஒன்றில் நகவெட்டி ஆழமாகப் போனது வெட்டும்போதே தெரிந்தது, இன்னொன்று ஏன் என்று தெரியவில்லை.

வேர் அரை சென்டிமீட்டர் ஆவதற்குள் கலவைக்கு மாற்றிவிடுவது நல்லது. விட்டுவைத்தால் வேரின்மேல் இருக்கும் மெல்லிய வேர்த்தூவி தாளுக்குள் புகுந்துகொள்ளும், பிரித்தெடுக்கும்போது அறுந்துவிடும். நன்றாகக் கழுவிய கோகோபீட்டும் (தேங்காய் நார்க்கழிவு) பெர்லைட்டும் (பொரிந்த எரிமலைக் கல் துகள்) பாதிப் பாதி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழம், வேர் கீழ்நோக்கி.

அப்புறம் தொப்பிப் பிரச்சினை. இரண்டு நாற்றுகள் உறையைத் தலையில் மாட்டிக்கொண்டே வெளியே வந்தன. வித்திலை விரியமுடியாமல் தண்டு கூன்போட்டு நிற்கிறது. முதல் நாற்றில் அவசரப்பட்டு இடுக்கியால் இழுத்ததில் வித்திலை பாதி கிழிந்தே போனது. அடுத்ததற்கு ஈரப் பஞ்சை அந்த உறையின்மேல் அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு விரல் நுனியால் தொட்டேன், தானாகவே கழன்றது. கிழிந்த செடியும் பிழைத்துவிட்டது, ஆனால் மற்றவற்றைவிட ஒரு இலை பின்தங்கி இருக்கிறது.

சரிந்துபோனது நான்காம் கோப்பை. முந்தின இரவு நேராக நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடந்தது, மண்மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்து பழுப்பேறியிருந்தது. நாற்றின் அடித்தண்டை அழுகவைக்கும் நாற்றழுகல் நோய்தான். மூடியை எடுக்காமல் அடைத்து வைத்திருந்தது என் தவறு. அன்றிலிருந்து மூடியும் இல்லை, மேலிருந்து ஊற்றுவதும் இல்லை. தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுகிறேன்.

விதை எங்கே வாங்குவது என்றால், என்னைக் கேட்டால் வாங்காதீர்கள். முதல் சுற்று விதை இணையத்தில் வாங்கியது. அறுவடை மாதமும் இல்லை, தாய்ச்செடி எது என்ற தகவலும் இல்லை. வேறொருவரிடம் வாங்கிய பொட்டலம் கீறாமலேயே ஐந்து நாளில் மளமளவென்று முளைத்தது. தண்டு சிவந்து இலை நீளமானபோதுதான் புளிச்சை என்று தெரிந்தது. அதுவும் இதே பேரினம்தான், ஆனால் நான் பணம் கொடுத்தது அதற்கில்லை. எனவே இரண்டாம் சுற்றிலிருந்து சொந்தமாகக் காய் பிடிக்கவைக்கிறேன். மஞ்சள் ஒற்றையடுக்கு தாய், ஆரஞ்சு தந்தை. காலையில் பூ நன்றாக விரிந்ததும் மகரந்தத்தை எடுத்துச் சூல்தண்டின் உச்சியில் இருக்கும் ஐந்து குமிழ்களிலும் தடவ வேண்டும், ஒன்றோடு நிறுத்திவிடக்கூடாது. பூ வாடி விழுந்தபின் பச்சைக் கிண்ணம் காம்பிலேயே தங்கிப் பருத்தால் பிடித்துவிட்டது என்று பொருள். இந்தச் சுற்றுக்காக பதினான்கு பூ தடவியதில் நின்றது மூன்று காய். பழுப்பாகி வெடிக்க ஏழெட்டு வாரம் ஆகிறது. வலைப்பை கட்ட மறந்த ஒரு காய் நான் பார்க்காதபோது வெடித்து, தரையில் தேடி இரண்டு விதை மட்டும் கிடைத்தது.

தண்டு வெட்டி வைத்தால் இவ்வளவு பாடு இல்லையே என்று கேட்பார்கள். தண்டிலிருந்து வருவது அதே பூதான். இந்தச் செடிகளில் பல இனங்களின் கலப்பு ஊறிக் கிடப்பதால் ஒரே காயின் விதைகள்கூட ஒன்றுபோல் பூப்பதில்லை. இந்த ஏழும் ஏழு புதுப் பூ. முதல் மொட்டுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். இப்போதே ஒரு வெள்ளைப் பூச்செடியின் மகரந்தத்துக்கு ஆள் பிடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கலப்பு மஞ்சளும் வெள்ளையும்.

ஊறாமல் கிடந்த இரண்டு விதைகளைச் சொல்லாமல் விட்டேன். பன்னிரண்டாம் நாள் இரண்டையும் எடுத்து அதே பருத்த முதுகில் இன்னொரு கடி கொடுத்து மறுபடி ஊறப்போட்டேன். ஒன்று இன்னும் கல். இன்னொன்று பத்தொன்பதாம் நாள் வேர் விட்டது, அதுதான் எட்டாவது. அதற்கு இன்று வித்திலை விரிந்திருக்கிறது, மற்றவற்றுக்கு ஓரம் வெட்டுப்பட்ட மூன்றாம் இலை வந்துவிட்டது. இந்த வாரக் கடைசியில் பெரிய ஆறையும் தொட்டிக்கு மாற்றப்போகிறேன்.